மறுகரை இதழின் கடைசிப் பக்கம்

யோசப்பினுக்கு ஹங்கேரிய மொழியில் ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் தெரியாது. ஆனாலும் அந்த மொழியில் அச்சான நூற்று நாற்பத்தெட்டு இதழ்களை அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டு வாசித்து முடித்திருக்கிறாள்.

அவளை வேலைக்கு வைத்தது அதற்கல்ல. வீடு கூட்டித் துடைக்கவும் மத்தியானச் சாப்பாடு செய்யவும்தான் வைத்தார்கள். இத்தாலியின் பலெர்மோ நகரில் வியா மக்வேதாவிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடியில், சினோரா மார்த்தாவின் வீடு. பதினொரு வருடமாக யோசப்பின் அங்கே போய் வருகிறாள். இலங்கையில் மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவள், இந்த வருடம் ஐம்பத்தாறு முடிகிறது. புருசன் சூசைதாசன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. மகள் நிரோசினி கலியாணம் முடித்து பகேரியாவில் இருக்கிறாள். ஊரில் யோசப்பின் கோயிலில் வாசகம் வாசித்தவள். பலெர்மோவிலும் தமிழ்ப் பூசையில் இரண்டாம் வாசகம் அநேகமாக அவளுடையதுதான். குரல் கணீரென்று இருக்கும், அவசரப்படமாட்டாள்.

சினோரா மார்த்தா லத்தீன் படிப்பித்த ஆசிரியை. கலியாணம் கட்டவில்லை. எழுபத்து மூன்று வயதில் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் ஆளின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். ஓரமாகப் பார்த்தால் காதும் தோளும் தெரியும். கதவைப் பிடித்து நடப்பாள், கோப்பி போடுவாள். வாசிக்க மட்டும் முடியாது. வாழ்நாள் முழுக்க வாசித்த மனுசிக்கு அது பெரிய அடி. அதைப் பற்றி அவள் ஒருநாளும் முறையிட்டதில்லை.

அந்த வீட்டில் ஒரு பின்னறை உண்டு. பதினொரு வருடமும் யோசப்பின் அதற்குள் தூசி தட்ட மட்டும்தான் போயிருக்கிறாள். கூரை தொடும் அலுமாரி, அட்டைப் பெட்டிகள், மூலையில் துணி மூடிய, பிரதி எடுக்கிற பழைய றோணியோ மெஷின் ஒன்று. எல்லாம் சினோராவின் தகப்பனுடையவை. தகப்பன் லெப்டினன்ட் கெலெமென் ஹங்கேரியர் என்பதும், இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் அகதியாக இத்தாலிக்கு வந்து, பலெர்மோ கப்பல் கட்டும் துறையில் வரைபடக்காரராக இருந்து, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினார் என்பதும் யோசப்பினுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம் ஹங்கேரியிலிருந்து சினோராவுக்கு ஒரு போன் வந்தது. பழைய படைவீரர் சங்கங்களின் வெளியீடுகளைச் சேர்த்து வைக்கும் ஓர் ஆவணக் காப்பகம். அவளுடைய அப்பா நடத்திய இதழ் முழுத் தொகுதியாக வேறு எங்குமே இல்லை என்றும், சித்திரை கடைசியில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்கள். சினோரா சம்மதித்துவிட்டாள். மூன்றாம் நாள், யோசப்பின் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது குசினிக்கு வந்து கதிரையில் இருந்தாள்.

"ஜுசெப்பீனா," அவள் யோசப்பினைக் கூப்பிடுவது அப்படித்தான், "அது போறதுக்கு முதல் அதிலை என்ன கிடக்கு எண்டு எனக்குத் தெரிய வேணும். அப்பா தன்ரை பாஷையைச் சொல்லித் தந்தவர், ஆனால் அவர் இருக்கேக்கை நான் இதை வாசிக்கேல்லை. அலுப்பாய் இருந்தது. இப்ப வாசிக்கக் கண் இல்லை. நீங்கள் வாசிச்சுத் தாறியளோ?"

"எனக்கு அந்தப் பாஷை விளங்காதே சினோரா."

"எழுத்து இத்தாலிய எழுத்துத்தானே. உங்களுக்கு விளங்க வேண்டாம். எனக்குக் கேட்டால் போதும்."

அப்படித் தொடங்கியது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம். முதல் கிழமை முழுக்கத் திருத்தம்தான். ஒற்றை 's' வந்தால் 'ஷ' என்று சொல்லவேண்டும், 'sz' வந்தால் 'ஸ' என்று சொல்லவேண்டும். தலையில் இரண்டு கோடு போட்ட எழுத்துக்கு உதட்டைக் குவிக்கவேண்டும். சினோரா பழையபடி வாத்தியாராகிவிட்டாள். மேசையில் விரலால் தட்டித் தட்டித் திருத்தினாள். பங்குனி பிறக்கமுதல் யோசப்பின் தடக்காமல் வாசித்தாள். தான் என்ன சொல்கிறாள் என்று தெரியாமலே அவள் சொல்ல, எதிரே இருந்த மனுசியின் முகம் அதற்கேற்ப மாறியது. ஒரு வரியில் சிரிப்பாள். அடுத்த பந்தியில் கையை நெஞ்சில் வைப்பாள். யோசப்பினுக்கு அது முதலில் விநோதமாயும் பிறகு கொஞ்சம் பயமாயும் இருந்தது. இந்த ஒலிக்குள் என்ன இருக்கிறது?

"என்னவாம் சினோரா?" என்று அவள் கேட்கத் தொடங்கினாள். சினோரா இத்தாலிய மொழியில் சொல்லச் சொல்ல, அந்தப் பின்னறையின் கதை ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

இதழின் பெயர் 'துல்ஷோ பார்ட்'. 'மறுகரை' என்று அர்த்தம். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம், ரஷ்யாவில் டொன் நதிக்கரையில் ஹங்கேரியப் படை உடைந்தபோது, கெலெமெனின் பட்டாலியனும் உறைபனிக்குள் சிதறிப்போனது. தப்பியவர்கள் பிறகு உலகம் முழுக்கப் பரந்து போனார்கள்: ஆர்ஜென்டீனா, கனடா, அவுஸ்திரேலியா, ஜெர்மனி. பலர் ஊரிலேயே வாய் திறக்காமல் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்து ஒரு தோழர் சங்கம் அமைத்தவர் கெலெமென். சங்கத்துக்குக் கட்டடம் இல்லை, கொடி இல்லை. இருந்தது இந்த இதழ் மட்டும்தான். ஐம்பத்தோராம் ஆண்டிலிருந்து எண்பத்தெட்டில் அவர் கண்மூடும்வரை, வருடத்துக்கு நாலு. தானே தட்டச்சு செய்து, தானே றோணியோவில் சுற்றி, தானே முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

ஒரு நாள் வாசிப்புக்கு நடுவில் யோசப்பின் சட்டென்று நிறுத்தினாள்.

"சினோரா, இதிலை எங்கடை தெரு கிடக்கு!"

"எந்தத் தெரு?"

"கோர்சோ தூக்கரி. ஒன்பது வருசம் நாங்கள் அங்கைதான் இருந்தனாங்கள். நிரோசினி அங்கைதான் பிறந்தவள்."

சினோரா சிரித்தாள். "அது ஹங்கேரிக்காரன்ரை பெயர், ஜுசெப்பீனா. இத்தாலியை ஒண்டாக்கின கரிபால்டியோடை இந்த ஊரை மீட்க வந்து, இஞ்சையே காயப்பட்டுச் செத்தவர். அப்பாவும் ஆக்களும் ஒவ்வொரு வருசமும் அவருக்கு மலர் வளையம் வைக்கிறவை. அதைப் பற்றித்தான் எழுதியிருக்கு."

ஒன்பது வருடம் பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடவும் நடந்த தெரு! அன்று பின்னேரம் யோசப்பின் வேண்டுமென்றே அந்த வழியாகப் போய், சுவரில் இருந்த பெயர்ப் பலகையை நின்று வாசித்தாள். தூர தேசத்திலிருந்து வந்த ஒருவன், இந்த ஊருக்காகச் செத்து, இந்த ஊர்ச் சுவரில் ஏறியிருக்கிறான். முப்பது வருடம் வாழ்ந்த ஊர் அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் அவளை உண்மையாகவே அசைத்தது கடைசிப் பக்கங்கள். ஒவ்வொரு இதழின் முடிவிலும் ஒரே தலைப்பு: 'கெரெஷ்ஷுக்', தேடுகிறோம். அதன் கீழே பெயர்கள். செத்தவர்கள், காணாமற்போனவர்கள்; அவர்களின் குடும்பங்கள் எங்கே என்று தெரியாதவர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்த மனுசனைப் பற்றி ஓரிரு வரி. 'இடது புருவத்தில் வெட்டு. பிழையான ராகத்தில் பாடுவான்.' 'கையெழுத்து அழகு; மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பான்.' 'வெங்காயம் என்றால் உயிர்.'

"இதை எல்லாம் ஏன் எழுதினவர்?" என்று யோசப்பின் கேட்டாள்.

"பெயரைப் பார்த்து ஆரும் கடந்து போயிடுவினம், ஆளைப் பார்த்தால் நிப்பினம் எண்டு அப்பா சொல்லுவார்."

சினோரா எழுந்து போய், தடவித் தடவி, அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டி எடுத்துவந்தாள். அதற்குள் பஞ்சில் பொதிந்த ஏழு சின்னங்கள். கோட்டில் குத்துகிற அளவு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மங்கிய வெண்கலம், நடுவே நீல எனாமலில் ஒரு வளைந்த ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மரம். திருப்பினால் பின்புறத்தில் ஓர் எண்ணும் ஒரு பெயரும் செதுக்கியிருந்தது.

"முந்நூற்றுப் பன்ரெண்டு பேர். தனக்கு உறுதியாய்த் தெரிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு. இந்த ஊர்ப் பட்டறை ஒண்டிலை தானே படம் கீறிக் குடுத்துச் செய்விச்சவர். குடும்பத்தைக் கண்டுபிடிச்சால் அனுப்புவார். முந்நூற்றி அஞ்சு போயிட்டுது. இந்த ஏழும் ஆளில்லாமல் நிண்டிட்டுது."

யோசப்பின் இதழ்களை வரிசையாக மேசையில் பரப்பி, கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டினாள். ஐம்பத்தோராம் ஆண்டு இதழில் பெயர்கள் ஏழு பக்கம். ஐம்பத்தைந்தில் ஐந்து பக்கம். அறுபதில் மூன்று. எழுபதில் ஒரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் பட்டியல் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசி இதழில் ஏழு வரி. ஒரு மனுசன், பகலில் கப்பலுக்குப் படம் கீறிவிட்டு, மீதி நேரம் முழுக்க, முப்பத்தேழு வருடம், அந்தப் பட்டியலைக் குறைத்திருக்கிறான். ஆரும் கேட்கவில்லை; ஆரும் பாராட்டவில்லை; சொந்த மகளே அலுப்பென்று வாசிக்கவில்லை. கோயிலில் நற்கருணை எழுந்தேற்றத்தில் மணி அடிக்கும்போது வருவது போன்ற ஒரு அடக்கம் அவளுக்குள் வந்தது. மேசையில் பரப்பிய தாள்களை அவள் இரண்டு கையாலும் எடுத்துத்தான் திரும்ப அடுக்கினாள்.

அன்றைக்கு அவள் சினோராவிடம் தன் தமையனைப் பற்றிச் சொன்னாள். பதினொரு வருடத்தில் முதல் தடவை. எமிலியானுஸ், தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து போன பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன், பிறகு தகவல் இல்லை. காணாமற்போனவர்களைப் பற்றிய எத்தனையோ விசாரணைகளில் அம்மா அவன் பெயரைக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் அவனுக்கு ஓர் இலக்கம் கிடைத்தது.

"அவர் எப்பிடியான ஆள்?" என்று சினோரா கேட்டாள்.

யோசப்பின் யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை ஆரும் கேட்டதில்லை. "நண்டு உடைக்கத் தெரியாது," என்றாள் கடைசியில். "மீன்பிடிக்காரன்ரை பிள்ளை. நான்தான் உடைச்சுக் குடுக்கிறனான்."

சினோரா தலையசைத்தாள். இருவரும் அன்றைக்கு மேற்கொண்டு வாசிக்கவில்லை.

அடுத்த நாள் யோசப்பின் வந்ததும் வராததுமாகத் தகரப் பெட்டியைத் திறந்தாள். "சினோரா, இந்த ஏழு பேரைப் பற்றியும் வந்ததுகளை மட்டும் திரும்ப வாசிப்பம்."

வாசித்தார்கள். ஆறு பேரைப் பற்றி அதிகம் இல்லை. நூற்று எண்பத்தெட்டாம் எண் மட்டும் வித்தியாசமாக இருந்தது. பலாஜ் இம்ரெ, கோப்ரல், பாண் போறணைக்காரன், அதாவது ரொட்டி சுடுகிறவன். அறுபத்தோராம் ஆண்டு அவன் மனைவியின் ஊருக்கு அனுப்பிய சின்னம், 'எங்கே போனார் என்று தெரியாது' என்று எழுதித் திரும்பி வந்திருக்கிறது. அறுபத்து மூன்றில் ஒஸ்ரியாவிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார்: சோவியத் படைக்கு எதிரான ஐம்பத்தாறாம் ஆண்டுக் கிளர்ச்சியில் அந்த மனுசி மகளையும் கூட்டிக்கொண்டு எல்லை கடந்தாள், அகதிகளை ஏற்ற இத்தாலிய ரயிலில் ஏறினதைக் கண்டேன் என்று.

"இத்தாலிக்கே!"

"ஓம். அப்பா இத்தாலியிலை உள்ள எல்லாப் பட்டணத்துக்கும் எழுதினவர். எனக்கு அந்தக் கடித உறைகள் ஞாபகம் இருக்கு, நான்தான் நாக்காலை நனைச்சு ஒட்டினனான். பலாஜ் எண்டு ஒரு பொம்பிளை எங்கையும் இல்லை எண்டு எல்லா இடத்திலையும் இருந்து பதில் வந்தது."

யோசப்பின் சின்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பலாஜ் எண்டது அவரின்ரை பெயரோ, குடும்பப் பெயரோ?"

"குடும்பப் பெயர். ஹங்கேரியிலை குடும்பப் பெயர்தான் முன்னுக்கு. பிறகுதான் ஆளின்ரை பெயர்."

யோசப்பின் கையிலிருந்த சின்னத்தை மேசையில் வைத்தாள். அவளுக்கு இது புதுக் கதையல்ல. அவள் சந்தியோகு யோசப்பின். முன்னால் நிற்பது தகப்பன் பெயர். இத்தாலிக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் பட்ட பாடு சொல்லி முடியாது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியில் ஒரு மாதிரி, டொக்டரின் அட்டையில் ஒரு மாதிரி. ஒரே வீட்டில் புருசனுக்கு ஒரு குடும்பப் பெயர், அவளுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. பேறுகால விடுதியில் நிரோசினியைக் காட்ட மாட்டோம் என்று ஒரு நேர்ஸ் மறித்தாள், பெயர் பொருந்தவில்லையாம்.

"அப்ப அந்த மனுசி தன்ரை பெயரை எப்பிடி எழுதியிருப்பா?" என்று கேட்டாள்.

"அந்தக் காலத்திலை கலியாணம் கட்டின பொம்பிளையளுக்குத் தங்கடை பெயரே இல்லை. 'பலாஜ் இம்ரெனே' எண்டு எழுதியிருப்பா. பலாஜ் இம்ரெயின்ரை மனைவி எண்டு கருத்து. கடைசியிலை வாற 'னே' தான் மனைவி."

"அகதி முகாமிலை எழுதினவனுக்கு அது தெரியுமோ? கடைசியாய் நிக்கிறதுதான் குடும்பப் பெயர் எண்டு நினைச்சு எழுதியிருப்பான். எங்களுக்கும் அப்பிடித்தானே செய்தவங்கள்! சினோரா, உங்கடை அப்பா பலாஜைத் தேடியிருக்கிறார். அவையள் பலாஜாய் இருக்கேல்லை."

சினோரா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

இப்படியொரு குடும்பப் பெயர் உலகத்திலேயே கிடையாது. அதனால்தான் வேலை சுலபமாயிற்று. யோசப்பின் போனில் இத்தாலியத் தொலைபேசி விபரக்கொத்தைத் திறந்து, எழுத்து எழுத்தாகத் தட்டினாள்: Imrene. முழு நாட்டிலும் ஒரே ஒரு வரி வந்தது. தொரீனோ. 'I. Imrene'. கீழே இலக்கம்.

யோசப்பின் அந்த வரியைச் சினோராவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். அறுபத்தேழு வருடம். ஒரே நாடு. லெப்டினன்ட் கெலெமென் தன் பட்டியலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்த அத்தனை வருடமும், ரயிலேறினால் ஒரு பகலும் கொஞ்சமும் போகிற தூரத்தில் அவர்கள் இருந்திருக்கிறார்கள்.

"நீங்கள் எடுங்கோ," என்றாள் சினோரா.

முதல் தடவை, "பலெர்மோவிலை இருந்து கதைக்கிறன் சினோரா," என்று தொடங்கியதுமே மறுமுனையில் வைத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை ஒரு வயதான குரல் கோபமாக, "எனக்கு ஒண்டும் வேண்டாம். கரண்ட் கொம்பனியும் வேண்டாம், போன் கொம்பனியும் வேண்டாம்!" என்றுவிட்டு வைத்தது. அந்நிய உச்சரிப்பில் கதைக்கிற எந்தப் பெண்ணும் அவளுக்கு ஏதோ விற்க வருகிறவள்தான்.

யோசப்பின் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். இதழை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு மூன்றாம் தடவை அடித்தாள். வணக்கம் சொல்லவில்லை. தன்னை அறிமுகப்படுத்தவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், கடைசிப் பக்கத்தில் இருந்த வரியை அப்படியே வாசித்தாள். பெயர், பதவி, ஊர், 'பாண் போறணைக்காரன், நெற்றியில் சூட்டுத் தழும்பு, எல்லாருக்கும் முந்தி எழும்புவான்.' எல்லாம் ஹங்கேரிய மொழியில்.

மறுமுனை வைக்கப்படவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் ஏதோ ஒன்று கேட்டது; இத்தாலிய மொழியில் அல்ல. யோசப்பின் போனைச் சினோராவின் கையில் கொடுத்துவிட்டு, பல்கனிக்குப் போய் நின்றாள்.

அந்தக் குரலுக்குரியவள் பலாஜ் இம்ரெயின் மகள் இலோனா, எண்பது வயது. விமானத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லி, தொரீனோவிலிருந்து ரயிலில் வந்தாள். மெஸ்ஸீனாவில் ரயிலையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவருகிற அந்த நெடும்பயணம். சித்திரை இரண்டாம் கிழமை, ஒரு காலை, பலெர்மோ ஸ்டேஷனில் யோசப்பினும் சூசைதாசனும் அவளை எதிர்கொண்டார்கள். சின்ன உருவம், நேரான முதுகு, பச்சைக் கோட்டு. வாழ்நாள் முழுக்க ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தவள். லிஃப்ட் வேலை செய்யவில்லை; சூசைதாசன் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினான்.

சினோரா மார்த்தா கதவடியில் காத்திருந்தாள். இரண்டு மனுசிகளும் கட்டிப்பிடிக்கவில்லை. கை கொடுத்தார்கள், நீண்ட நேரம் விடவில்லை.

சின்னத்தைக் கொடுத்தபோது இலோனா அதை உடனே திருப்பி, பின்புறத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தாள். பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை ஆரும் எதிர்பார்க்கவில்லை.

"பாருங்கோ," என்றாள் யோசப்பினிடம், இத்தாலிய மொழியில். "பதின்மூண்டு வயசிலை இருந்து நான் இம்ரெயின்ரை மனைவி எண்டு கையெழுத்துப் போடுறன். சொந்தத் தகப்பனுக்கு மனைவி! திருத்த வேணும் எண்டு அம்மாவுக்குச் சொன்னனான். அம்மா மாட்டன் எண்டிட்டா. திரும்ப அந்தக் கந்தோருக்குப் போனால் எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். சாகும்வரைக்கும் பயம்."

"விளங்குது," என்றாள் யோசப்பின். உண்மையாகவே அவளுக்கு விளங்கியது. அவளுடைய பெர்மெஸ்ஸோவிலும் ஓர் எழுத்துப் பிழை இருபது வருடமாக அப்படியே கிடக்கிறது.

சாப்பிடுகிறதுக்கு முதல் இலோனா கேட்டாள்: "போனிலை நீங்கள் வாசிச்சது ஒரு வரிதானே. வேறை ஏதும் இருக்கோ அவரைப் பற்றி?"

இருந்தது. முப்பத்தோராம் இதழில், ஆர்ஜென்டீனாவிலிருந்து ஒரு தோழர் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதம். சினோரா அதைச் சொன்னதும், யோசப்பின் போய் எடுத்துவந்து இலோனாவிடம் நீட்டினாள். இலோனா வாங்கவில்லை.

"நீங்களே வாசியுங்கோ. எனக்கு ஆரின்ரையாவது வாயாலை கேக்க வேணும். அம்மா போனபிறகு இந்தப் பாஷையை வீட்டிலை ஆரும் எனக்குச் சொல்லேல்லை."

ஒரு மாதத்துக்கு முதல் இதே கடிதத்தை யோசப்பின் குசினியில் இருந்து, அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறாள். இப்போது தாளை மேசையில் நேராக வைத்தாள். சூசைதாசன் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினாள்.

அவள் வாசித்தது இதுதான். அர்த்தம் முதல் வாசிப்பிலேயே சினோரா சொல்லித் தெரிந்திருந்தது. பின்வாங்கிய மூன்றாம் நாள், பதினொரு பேர் ஒரு குதிரை லாயத்தில் ஒதுங்கினார்கள். சாப்பிட ஒன்றுமில்லை, பலாஜ் இம்ரெயிடம் மட்டும் ஒரு பாண், கல்லாய் உறைந்தது. கோடரியாலும் வெட்ட முடியவில்லை. அவன் சட்டையைக் கழற்றி, அந்தப் பாணை வெறும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்தான். விடிய அது வெட்டுகிற பதத்துக்கு வந்திருந்தது. பதினொரு துண்டாக வெட்டினான். போறணைக்காரன் கை, ஒரு துண்டும் மற்றதைவிடப் பெரிதில்லை. பாண் இளகும்வரை தூங்கிவிடக்கூடாது என்று எல்லாரும் மாறி மாறிக் கதைத்தார்கள். அவன் தன் மனைவிக்குப் பங்குனியில் பிள்ளை பிறக்கும் என்றான். ஆண் என்றால் பெயரை அவளே வைக்கட்டும். பெண் என்றால் இலோனா. அதை எழுதி அனுப்பிவிட்டேன் என்றான். வெளிச்சம் வந்ததும், பின்தங்கிவிட்ட ஒருவனைக் கூட்டிவருகிறேன் என்று வந்த பாதையில் திரும்பி நடந்தான். 'நாங்கள் மத்தியானம் வரை காத்திருந்தோம். அவன் போன பக்கம் பார்த்துக்கொண்டேயிருந்தோம்' என்று முடிகிறது கடிதம்.

யோசப்பினுக்கு அந்த ஒன்றரைப் பக்கத்தில் விளங்கியது ஒரே ஒரு சொல். அது எங்கே வரும் என்றும் அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு வந்தபோது அவள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, இடம் விட்டுச் சொன்னாள்: இலோனா.

எதிரே இருந்த மனுசியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இலோனா அழவில்லை. கண்ணை அகலத் திறந்து, வாய் கொஞ்சம் திறந்து, ஒரு சின்னப் பிள்ளை வாணவேடிக்கை பார்ப்பது போல யோசப்பினின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பது வருடத்துக்கு முதல் ஒரு லாயத்துக்குள் இருட்டில் சொல்லப்பட்ட சொல். ஆர்ஜென்டீனா போய், றோணியோ மையில் ஏறி, ஒரு பெட்டிக்குள் அறுபத்தைந்து வருடம் கிடந்து, பேசாலைக்காரி ஒருத்தியின் நாக்கில் ஏறி, உரியவளின் காதுக்குப் போகிறது. தான் அந்த இடத்தில் இருக்கிறாள் என்பதை யோசப்பினால் நம்பமுடியவில்லை. தொடர்ந்து வாசித்தாள். கடைசி வரிவரை ஒரு இடத்திலும் அவள் பிசகவில்லை.

முடிந்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கீழே ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது.

"அப்பா கார்ட்டிலை எழுதி அனுப்பின பெயர் எண்டு அம்மா எப்பவும் சொல்லுவா," என்றாள் இலோனா மெதுவாக. "அந்தக் கார்ட் எல்லை கடக்கேக்கை துலைஞ்சிட்டுதாம். நான் நம்பேல்லை. என்னைச் சந்தோசப்படுத்த இட்டுக்கட்டிச் சொல்லுறா எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்." பிறகு கையை நீட்டி யோசப்பினின் முழங்கையைப் பிடித்தாள். "ஹங்கேரிய மொழி எங்கை படிச்சனீங்கள்?"

"எனக்குத் தெரியாது சினோரா. வாசிக்க மட்டும்தான் தெரியும்."

இலோனா அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

அன்று சூசைதாசன் சமைத்தான். மீனும் சோறும். இலோனா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு நாள் நின்று, தகப்பனின் சின்னத்தைப் பச்சைக் கோட்டில் குத்திக்கொண்டு, வந்த மாதிரியே ரயிலில் திரும்பினாள். பெயரை இனித் திருத்தப்போவதில்லை என்று ஸ்டேஷனில் சொன்னாள்; அந்தப் பிழை இல்லாவிட்டால் தன்னை ஆரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்களாம்.

சித்திரை கடைசியில் காப்பகத்தின் ஆட்கள் வந்து இதழ்களையும் றோணியோ மெஷினையும் எடுத்துப்போனார்கள். தகரப் பெட்டியையும் கேட்டார்கள். சினோரா மார்த்தா கொடுக்கவில்லை. அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் செய்ததல்ல, வீடுகளுக்குப் போகச் செய்தது என்று சொல்லிவிட்டாள். கடைசிப் பக்கங்களை மட்டும் யோசப்பின் முன்கூட்டியே போனில் படம் எடுத்து வைத்திருந்தாள்.

இப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் மேசையில் இருக்கிறார்கள். மீதி ஆறு பெயர்களில் ஒவ்வொன்றையும் முன்னுக்குப் பின்னாக, பின்னுக்கு முன்னாக, மனைவி பெயராக, மகள் பெயராக, இத்தாலிய, போர்த்துக்கேய, ஆங்கில எழுத்துக் கூட்டலில் யோசப்பின் தட்டிப் பார்க்கிறாள். எழுபத்து நாலாம் எண்ணுக்கு, 'வெங்காயம் என்றால் உயிர்' என்று எழுதியிருக்கிற அந்த மனுசனுக்கு, பிரேசிலிலிருந்து ஒரு பேரன் பதில் போட்டிருக்கிறான். அவன்தானா என்று இன்னும் உறுதியில்லை. பழைய படம் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொல்லி அவள் எழுதியிருக்கிறாள்.